பச்சைக் கொம்புக் கட்சி

ஓர் ஊரில் ஓர் உழவன் இருந்தான். ஊரின் பெயர் மஞ்சணத்திக்குளம். உழவனின் பெயர் சங்கிலி. அவனிடம் ஒரு காளை இருந்தது, அவன் மனைவி பூவாயியிடம் ஒரு காளை இருந்தது. அவனுடையது கறுப்பு, ஆகவே அதற்குக் காரி என்று பெயர். அவளுடையது சாம்பல் கலந்த வெள்ளை, ஆகவே அதற்கு மயிலை என்று பெயர். கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து அவளே கையோடு ஓட்டிக்கொண்டு வந்த காளை அது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் ஓர் ஏர் ஆயிற்று. ஓர் ஏர் இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும் அல்லவா? அவர்களும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த ஊரில் ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொன்னால்தான் கதை நடக்கும், கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னால் அந்த நாட்டு ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஊருக்கு ஏரி வெட்டினான், இளையவன் அந்த ஏரியிலிருந்து வயல்களுக்குக் கால்வாய் வெட்டினான். ஏரிக்கு மண் சுமந்தவர்கள் மூத்தவனே பெரியவன் என்றார்கள், கால்வாய்க்குப் பாறை உடைத்தவர்கள் இளையவனே பெரியவன் என்றார்கள், அப்புறம் ராஜா போய்விட்டார், அப்புறம் பிள்ளைகள் போய்விட்டார்கள், அப்புறம் நாடே வேறு யாரிடமோ போய்விட்டது. கட்சி மட்டும் போகவில்லை. ஏரிக்கட்சிக்காரர்கள் தங்கள் மாட்டுக் கொம்புக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள். கால்வாய்க்கட்சிக்காரர்கள் அவுரியை அரைத்து நீலம் பூசுவார்கள். ஏரி இல்லாமல் கால்வாய் என்ன செய்யும், கால்வாய் இல்லாமல் ஏரி என்ன செய்யும் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் கேட்பீர்கள், அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

சங்கிலி ஏரிக்கட்சி. ஒருமுறை கரை உடைத்துக்கொண்டபோது, ஆட்கள் மண் கொண்டு வந்து கொட்டும் வரைக்கும் உடைப்பில் முதுகைக் கொடுத்து நின்றவர் அவன் தாத்தா. அதற்காகவே பொன்னேர் நாளில் ஊரின் முதல் உழவுச் சால் ஓட்டும் உரிமை அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருந்தது. பொன்னேர் என்றால் தெரியுமா? சித்திரை பிறந்து முதல் மழை விழுந்ததும், ஊரில் உள்ள ஏர்கள் எல்லாம் வயலில் வரிசையாக நிற்கும். முதல் ஏர் கிழக்கே பார்த்து நேராக ஒரு சால் ஓட்டும். அதற்குப் பிறகே மற்ற ஏர்கள் அசையலாம். அந்த முதல் ஏர் சங்கிலியின் ஏர். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் நெஞ்சு ஒரு விரற்கடை உயரும்.

பூவாயி கால்வாய்க்கட்சி. கால்வாயின் குறுக்கே கிடந்த பெரும்பாறையை நெருப்பு மூட்டிச் சுட வைத்து, புளித்த காடியை ஊற்றிப் பிளந்தார்களே, அந்தக் காடிப் பானையைத் தலையில் சுமந்தவள் அவள் பூட்டி, அதாவது பாட்டியின் தாய். அதைச் சொல்லும்போது பூவாயியின் நெஞ்சும் உயரும். ஆனால் அவள் அடிக்கடி சொல்லமாட்டாள்.

ஆகவே அவர்கள் வீட்டு ஏரில் காரிக்கு மஞ்சள் கொம்பு, மயிலைக்கு நீலக் கொம்பு. ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போய்விடும்.

அப்படியே போயிருந்தால் கதை ஏது? அந்த ஆண்டு ஏரிக்கட்சிக்கு நல்லகுட்டி என்பவர் தலைவரானார், கால்வாய்க்கட்சிக்கு வெயிலுமுத்து என்பவர் தலைவரானார், இருவருக்கும் தாங்கள் தலைவரானது நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்ற ஆசை வந்தது. முதலில் நல்லகுட்டி பறை அறைந்து சொல்லச் சொன்னார்: "ஏரிக்கரை எங்களுடையது. நீலக் கொம்பு மாடு கரைமேல் ஏறக்கூடாது." உடனே வெயிலுமுத்து பறை அறைந்து சொல்லச் சொன்னார்: "கால்வாய் பாயும் வயல் எங்களுடையது. மஞ்சள் கொம்பு மாடு வயலில் இறங்கக்கூடாது."

இப்போது யோசித்துப் பாருங்கள். வயலுக்குப் போக ஏரிக்கரை ஒன்றே வழி. மஞ்சள் கொம்பு கரையில் நடக்கலாம், வயலில் இறங்க முடியாது. நீலக் கொம்பு வயலில் இறங்கலாம், வயல் வரைக்கும் போக முடியாது. ஆக, ஊரில் ஒருவரும் உழ முடியாது. இது அவர்களுக்குப் புரியவில்லையா என்றால், அவர்கள் கோபமாக இருந்தார்கள். கோபமாக இருக்கும்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?

சங்கிலிக்கு மட்டும் குழப்பம் வந்தது. குழப்பம் வந்தால் அவன் உச்சந்தலையைச் சொறிவான். சொறிந்துகொண்டே நல்லகுட்டியின் வீட்டுக்குப் போனான்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம்."

"கேளுடா. உன் தாத்தா நம்ம கரைக்கு முதுகைக் குடுத்த மனுசன். உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறேன்."

"அதாங்க சந்தேகம். தாத்தா கதையை நான் சொன்னா, நம்ம ஆளுக 'பெருமையா சொல்றான்'ங்கிறாங்க. அதே கதையைக் கால்வாய்க்காரங்க கேட்டா, 'திமிரா பேசுறான்'ங்கிறாங்க. கதை ஒண்ணு, வாய் ஒண்ணு. பெருமை எங்க முடியுது, திமிர் எங்க தொடங்குது?"

நல்லகுட்டி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"இதுல என்னடா சந்தேகம். நமக்கு இருந்தா அது பெருமை. அவங்களுக்கு இருந்தா அது திமிர்."

அட, இவ்வளவுதானா என்று சங்கிலி திரும்பி நடந்தான், பாதி வழியில் அவனுக்குப் பூவாயியின் நினைவு வந்தது, 'நமக்கு' என்றால் அதில் பூவாயி உண்டா இல்லையா என்ற நினைவும் வந்தது, மறுபடி உச்சந்தலை அரித்தது, சொறிந்துகொண்டே வெயிலுமுத்துவின் வீட்டுக்குப் போனான். அவர் பூவாயிக்கு மாமன் முறை.

"வாங்க மாப்பிள்ளை. மஞ்சத் தலைப்பாக்காரரு நம்ம வாசலுக்கு வந்திருக்கீங்க. வழி தவறிட்டீங்களா?"

"வழி தெரியாமத்தான் வந்தேன் மாமா. பெருமை எங்க முடியுது, திமிர் எங்க தொடங்குது?"

வெயிலுமுத்து வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"இதுல என்ன மாப்பிள்ளை சந்தேகம். நமக்கு இருந்தா அது பெருமை. அவங்களுக்கு இருந்தா அது திமிர்."

சொல்லுக்குச் சொல் அதேதான். இருவரும் சேர்ந்து மனப்பாடம் பண்ணினாலும் இப்படி ஒத்துப்போகாது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி பேசினால் ஏன் இரண்டு கட்சி என்று சங்கிலிக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்தான். பூவாயி தொழுவத்தில் உட்கார்ந்து, துணியை அவுரிச் சாந்தில் தோய்த்து, மயிலையின் கொம்புக்குப் பூசிக்கொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டான்.

"ஏங்க, இதைக் கேக்கவா ரெண்டு தெரு சுத்துனீங்க? கொம்புக்கு வண்ணம் பூசுறது பெருமை. அந்தக் கொம்பால முட்டுறது திமிர். கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

விடை மிகச் சின்னதாக இருந்தது. இத்தனை பெரிய கேள்விக்கு இத்தனை சின்ன விடை இருக்காது என்று சங்கிலி நினைத்துக்கொண்டான்.

அவள் புல்லறுக்கப் போனாள். அவனுக்கோ கவலை தாங்கவில்லை. மழை இன்றோ நாளையோ என்று வானம் கறுத்து நின்றது, மழை விழுந்தால் பொன்னேர், மயிலையின் நீலக் கொம்பைப் பார்த்தால் கரையில் விடமாட்டார்கள், கரையில் விடாவிட்டால் முதல் சால் இல்லை, முதல் சால் இல்லாவிட்டால் தாத்தாவின் பெயர் அன்றோடு போயிற்று. யோசித்தான், யோசித்தான், யோசித்தான். கடைசியில் மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, மயிலையின் நீலக் கொம்பின் மேலேயே பூசிவிட்டான்.

ஈர நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் என்ன ஆகும்? உங்களுக்குத் தெரிகிறது. ஏரிக்கட்சியில் பிறந்தவன் வாழ்நாளில் நீலத்தைத் தொட்டதில்லை, கால்வாய்க்கட்சியில் பிறந்தவள் மஞ்சளைக் கொம்பருகே கொண்டுபோனதில்லை, ஆகவே அந்த ஊரில் அது ஒருவருக்கும் தெரியாது. கொம்பு பச்சையாகிவிட்டது. துடைத்தான், பச்சை. மேலும் மஞ்சள் பூசினான், பச்சை. மேலும் நீலம் பூசினான், பச்சை. சரி, ஒன்று மட்டும் பச்சையாக இருந்தால்தானே கேட்பார்கள் என்று நினைத்து, காரியின் மஞ்சள் கொம்பின் மேல் நீலத்தைப் பூசினான். அதுவும் பச்சையாகிவிட்டது.

பூவாயி புல்லுக்கட்டை இறக்கிவிட்டு இரண்டு மாடுகளையும் பார்த்தாள்.

"இது எந்தக் கட்சிங்க?"

"தெரியலையே பூவாயி."

அவள் சிரித்தாள். பிறகு அவுரியை விரல் நுனியில் தொட்டு, மயிலையின் கொம்பு நுனியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். "எங்க பூட்டிக்கு இது போதும்" என்றாள். சங்கிலியும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மழைக்கு முன் எருவைக் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று அவன் வண்டியைப் பூட்டிக்கொண்டு கரைக்குப் போனான். காவலுக்கு நின்ற ஏரிக்கட்சிக்காரன் கோலை நீட்டினான். பிறகு கோலை இழுத்துக்கொண்டான். நீலக் கொம்பை விடக்கூடாது என்றுதான் அவனுக்கு உத்தரவு, இது நீலம் இல்லையே. வண்டி கரையைக் கடந்தது. வயல் வரப்பில் நின்ற கால்வாய்க்கட்சிக்காரனும் கோலை நீட்டினான். நீட்டிய கோலை இழுத்துக்கொண்டான். மஞ்சள் கொம்பை விடக்கூடாது என்றுதான் அவனுக்கு உத்தரவு, இது மஞ்சளும் இல்லையே. வண்டி வயலில் இறங்கியது. ஊரே கரையோரம் நின்று வாயைப் பிளந்து பார்த்தது.

அன்று மாலையே நல்லகுட்டி வந்தார்.

"சங்கிலி, என்னடா இது புதுக் கட்சி? உன்னோட எத்தனை பேரு?"

சங்கிலி என்ன சொல்வான்? உச்சந்தலையைச் சொறிந்தான்.

"சொல்லமாட்டேங்கிறான் பாரு. அப்ப நிறையப் பேரு இருக்காங்க" என்று நல்லகுட்டி கலங்கிப் போனார். அவர் போனதும் வெயிலுமுத்து வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க கட்சிக்கு என்ன கொள்கை?"

சங்கிலி உச்சந்தலையைச் சொறிந்தான்.

"வெளியே சொல்லக்கூடாத கொள்கையா? அப்ப பெரிய கொள்கைதான்" என்று அவரும் கலங்கிப் போனார்.

அதற்கு மறுநாள் ஒரு வீட்டுக்காரன் தன் மாட்டுக் கொம்பைப் பச்சையாக்கினான், அப்புறம் அடுத்த வீட்டுக்காரன், அப்புறம் தெரு முழுவதும். அவர்களுக்குக் கொள்கை ஒன்றுமில்லை. மழைக்கு முன்னால் எரு அடிக்கவேண்டும், மழை வந்தால் உழவேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டால் அதற்கு ஒருவனை முன்னால் நிறுத்தவேண்டும் அல்லவா? சங்கிலியை நிறுத்தினார்கள். அவனுக்கு ஒரு பச்சைத் தலைப்பாகை கட்டினார்கள். உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள்.

உரலின்மேல் உட்கார்ந்து பார்த்தால் ஊர் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. முதல் நாள் "இது தற்செயலா வந்ததுங்க" என்று சொன்னான். இரண்டாம் நாள் "எனக்கு அப்பவே தோணுச்சு" என்று சொன்னான். மூன்றாம் நாள் "நான் பச்சையைக் கொண்டுவரலைன்னா இந்த ஊர் என்ன ஆகியிருக்கும்" என்று சொன்னான். ஒவ்வொரு நாளும் அவன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தான், அரிப்பே இல்லை. குழப்பம் தீர்ந்தது என்று மகிழ்ந்தான். தலைப்பாகை கட்டிய தலையில் அரிப்பு எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்கள்.

பிறகு மழை விழுந்தது. நல்ல மழை, ஓர் இரவு முழுவதும் பெய்து விடியலில் நின்றது. மண் குழைந்து, வாசனை எழும்பி, நுகத்தடிகள் எல்லாம் வெளியே வந்தன. சங்கிலி உரலின்மேல் ஏறி நின்று சொன்னான்: "பொன்னேர் இன்னைக்கு. முழுப் பச்சைக் கொம்பு மட்டும் வயல்ல இறங்கலாம். வேற நிறம் ஒரு துளி இருந்தாலும் இறங்கக்கூடாது."

பூவாயி பேசினாள்.

"மயிலை கொம்பு நுனியில எங்க பூட்டிக்கு ஒரு பொட்டு இருக்குங்க."

"அழிச்சிரு."

"பதினாறு மைல் கால்வாயை வெட்டினவங்களுக்கு ஒரு பொட்டுங்க."

"பச்சையில நீலம் கூடாது. அது எங்களைச் சீண்டுற மாதிரி இருக்கு."

"சரிங்க. அன்னைக்கு ஒரு சந்தேகம் கேட்டீங்களே, அது தீர்ந்துச்சா? பெருமை எங்க முடியுது, திமிர் எங்க தொடங்குது?"

சங்கிலி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான்.

"இதுல என்ன சந்தேகம். நமக்கு இருந்தா அது பெருமை. அவங்களுக்கு இருந்தா அது திமிர்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொற்களை எங்கோ கேட்டது போல அவனுக்கு இருந்தது. எங்கே என்று நினைவு வரவில்லை.

பூவாயி சண்டை போடவில்லை, பொட்டை அழிக்கவும் இல்லை. பச்சைக் கொம்பு ஏர்கள் வயலிலும் மற்ற ஏர்கள் வெளியேயும் வரிசையாக நின்ற நேரத்தில் முன்னால் வந்தாள், நுகத்திலிருந்து மயிலையை அவிழ்த்தாள், "என் மாட்டை நான் கூட்டிட்டுப் போறேங்க" என்றாள், அதைக் கால்வாய் ஓரத்து மஞ்சணத்தி மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டாள். அந்த மரத்தடியில்தான் நல்லகுட்டியும் வெயிலுமுத்துவும் கைகளைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு எப்படி உழுவது? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. முதல் சால் ஓடாமல் ஓர் ஏரும் அசையக்கூடாது. அத்தனை பேரும் சங்கிலியின் முகத்தையே பார்த்தார்கள்.

"பக்கத்து மாட்டை வாங்கிப் பூட்டேன்" என்றான் ஒருவன்.

"என் தாத்தா உரிமைக்கு இன்னொருத்தன் மாடா? நானே இழுப்பேன்" என்றான் சங்கிலி. சொன்னதோடு நிற்காமல், மயிலை வழக்கமாக நிற்கும் பக்கம் போய், குனிந்து, தன் கழுத்தை நுகத்தில் வைத்துப் பூட்டாங்கயிற்றைக் கட்டிக்கொண்டான். பின்னால் கலப்பையின் மேழியைப் பிடிக்கக்கூட ஆள் இல்லை.

காரி தன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தது. இத்தனை காலமாக அந்தப் பக்கத்தில் மயிலை நின்றிருக்கிறது. இன்று பச்சைத் தலைப்பாகை கட்டிய ஏதோ ஒன்று நிற்கிறது. காரிக்குக் குழப்பமாக இருந்தது. மூக்கை உயர்த்தி மோந்தது. மஞ்சணத்தி மரத்தடியில் மயிலை நிற்பதைக் கண்டது. ஒரு குரல் கொடுத்தது. மயிலையும் அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தது.

அவ்வளவுதான், குழந்தைகளே. காரி கிழக்கையும் பார்க்கவில்லை, மேற்கையும் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்து ஓடியது, நுகத்தோடு சங்கிலியும் ஓடினான், கொஞ்ச தூரம் கால் தரையில் பட்டது, அப்புறம் முழங்கால் பட்டது, அப்புறம் வயிறு பட்டது, தலைப்பாகை எங்கோ விழுந்தது, பின்னால் கலப்பை பாம்பு போனது போல ஒரு கோணல் சாலைக் கிழித்துக்கொண்டே வந்தது. தலைவர்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பில் விலக மறந்துவிட்டார்கள். காரியின் பச்சைக் கொம்பு நல்லகுட்டியின் இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. நுகத்தடியின் முனை வெயிலுமுத்துவின் முழங்காலில் தட்டியது. சங்கிலியின் கழுத்துக் கயிறு அவிழ்ந்து, மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கால்வாய்ச் சேற்றில் விழுந்தார்கள். காரி அசைந்து போய் மயிலையின் பக்கத்தில் நின்று, அதன் கழுத்தை நக்கியது.

ஊர் ஓடி வந்து எட்டிப் பார்த்தது. சேற்றுக்குள்ளிருந்து மூன்று தலைகள் எழுந்தன. தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு.

"இதுல எங்க தலைவர் யாரு?" என்றான் ஏரிக்கட்சிக்காரன்.

"எங்க தலைவர் யாருன்னே தெரியலை" என்றான் கால்வாய்க்கட்சிக்காரன்.

"வாயைத் திறக்கச் சொல்லுங்க, பேச்சை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்" என்றான் மூன்றாமவன்.

"அது முடியாது. மூணு பேரும் ஒண்ணேதான் சொல்வாங்க" என்றாள் பூவாயி.

ஊர் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன. சங்கிலிக்குச் சிரிக்க முடியவில்லை. நுகத்தில் உரசிக் கழுத்துத் தோல் உரிந்திருந்தது. உடைப்பில் முதுகைக் கொடுத்த தாத்தா அன்று யாரையாவது 'விலகிப் போ' என்று சொல்லியிருப்பாரா, எல்லாரையும் 'வா, மண் கொண்டு வா' என்றுதானே கூப்பிட்டிருப்பார் என்று அவன் சேற்றில் உட்கார்ந்தபடி நினைத்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பூவாயி இரண்டு காளைகளையும் கால்வாயில் இறக்கி, கொம்புகளைத் தேய்த்துக் கழுவினாள். பச்சை போயிற்று, அவள் வைத்த நீலப் பொட்டும் போயிற்று. வெறுங்கொம்பாக இரண்டையும் நுகத்தில் பூட்டினாள்.

"உன் பூட்டிக்கு வச்ச பொட்டையும் அழிச்சிட்டியே" என்றான் சங்கிலி.

"வண்ணம் அப்புறம் பூசிக்கலாங்க. ஈரம் காயுது. வந்து மேழியைப் பிடிங்க."

அவன் நொண்டிக்கொண்டே வந்து மேழியைப் பிடித்தான். கிழக்கே பார்த்து நேராக முதல் சால் ஓடியது. பின்னால் மஞ்சள், நீலம், பச்சை என்று எல்லா ஏர்களும் இறங்கின. நிறம் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் கட்சி போய்விட்டதா என்றால், போகவில்லை. இன்றும் ஏரிக்காரர் மஞ்சள் பூசுகிறார், கால்வாய்க்காரர் நீலம் பூசுகிறார், தத்தம் கதையைத் தத்தம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். ஒன்று மட்டும் புதிதாக வந்தது. அடுத்தவர் மாட்டுக் கொம்பைப் பற்றிச் சட்டம் பேச விரும்புகிறவர், முதலில் தம் கழுத்தைக் காரியின் பக்கத்து நுகத்தில் வைத்து வயலை ஒரு சுற்று வந்துவிட்டுப் பேசவேண்டும். நல்லகுட்டியும் பேசவில்லை, வெயிலுமுத்துவும் பேசவில்லை, அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பேசவில்லை.

சங்கிலிக்குப் பெருமையும் திமிரும் பிரியும் இடம் கடைசி வரைக்கும் சரியாகப் பிடிபடவே இல்லை. ஆனால் தாத்தாவின் கதையை அவன் சொல்லும்போது, சொல்லிக்கொண்டே போய் ஓர் இடத்துக்கு வந்தால், கழுத்தில் நுகம் உரசிய தழும்பு அரிக்கத் தொடங்கும். உடனே அவன் நிறுத்திக்கொண்டு, பூவாயியைப் பார்த்து, "நீ உன் பூட்டி கதையைச் சொல்லு" என்பான்.

மழை பெய்தது, மண் நனைந்தது, சால் ஓடியது, கதையும் கரை சேர்ந்தது. கேட்டவர்கள் எல்லாரும் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு தூங்குங்கள்.